டிஸ்ரப்டிவ் பேட்டர்ன்: ‘விளிம்புக்குலைப்பு’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கேமஃப்ளாஜுக்குத் தமிழில் ‘உருமறைப்பு’ என்ற சொல் நிலைத்துவிட்டது, அதில் கை வைக்க வேண்டாம். சிக்கல் உட்பிரிவில்தான். இராணுவச் சீருடையில் திட்டுத் திட்டாக வரும் டிஸ்ரப்டிவ் பேட்டர்னுக்குத் தமிழ்ச் சொல்லாக ‘நிறப்பொருத்தம்’ என்று பரிந்துரை வந்திருக்கிறது. அது வேறு வேலை. துணியின் நிறம் பின்னணியோடு ஒத்துப்போவது ஒன்று. உள்ளே இருக்கும் ஆளின் வடிவம் பிடிபடாமல் போவது இன்னொன்று.

கண்ணும் மூளையும் முதலில் தேடுவது விளிம்புகளைத்தான். வெளிச்சம் சட்டென மாறும் இடங்களைப் பிடித்து, தொடர்ந்து வருபவற்றைக் கோத்து, இது தலை, இது தோள் என்று முடிவுகட்டும். தோளின் ஓரத்தில் ஒரு கரும்பச்சைத் திட்டு வெட்டுப்பட்டு நின்றால் அது பின்னாலுள்ள நிழலோடு சேர்ந்துகொள்ளும். அடுத்திருக்கும் வெளிர் திட்டு இலைகளின் பக்கம் போய்விடும். தோளின் கோடு அறுந்தது! அதே திட்டு மார்புக்கு நடுவிலேயே அடங்கிவிட்டால் இந்தப் பலன் குறைவு. 2005இல் உயிரியலாளர் இன்னிஸ் கட்ஹில் குழுவினர் மரங்களில் செயற்கை அந்துப்பூச்சிகளைப் பொருத்திச் சோதித்தார்கள். ஓரத்தைத் தொடும் திட்டுகள் கொண்டவையே, திட்டுகள் உள்ளடங்கியவற்றைவிடப் பறவைகளிடம் அதிகம் தப்பின.

ஆகவே சொல்லில் ‘விளிம்பு’ இருந்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி. ‘உருக்குலைப்பு’ சுருக்கமானதுதான். ஆனால் உருக்குலைந்த என்றதும் விபத்துச் செய்திதான் நினைவுக்கு வருகிறது. ‘விளிம்புக்குலைப்பு’ கொஞ்சம் நீளம், பரவாயில்லை. ‘விளிம்புக்குலைப்புத் திட்டு’, ‘விளிம்புக்குலைப்பு வடிவமைப்பு’ என்று நீட்டவும் வசதி.

கப்பல்களுக்கு 1917இல் பிரிட்டிஷ் ஓவியர் நார்மன் வில்கின்சன் கொண்டுவந்த டாசில் பூச்சை, அதாவது எடுப்பான முரண்நிறப் பட்டைகளை, இதில் சேர்க்க வேண்டாம். அங்கே மறைப்பது நோக்கமே அல்ல. கப்பல் எந்தத் திசையில், என்ன வேகத்தில் போகிறது என்று எதிரி தப்பாகக் கணிக்க வேண்டும். ‘மருட்டு வரி’ போதும்.

அப்புறம், இன்னும் சொல் கிடைக்காத ஒன்று. அமெரிக்கத் தரைப்படை 2004இல் அறிவித்த யூசிபி (யுனிவர்சல் கேமஃப்ளாஜ் பேட்டர்ன்) சீருடையில் சாம்பல், மணல், பச்சை மூன்றும் வெளிர் நிறங்கள், வெளிச்ச அளவில் நெருக்கமானவை, திட்டுகளும் பொடிப்பொடியானவை. கிட்டத்தில் தனித்தனியாகத் தெரிந்தவை தூரத்தில் கலந்து ஒரே வெளிர்ப் பரப்பாகிவிட்டன; குலைத்த விளிம்பு திரும்பி வந்துவிட்டது. பின்னர் அதைக் கைவிட்டார்கள். தூரத்தில் திட்டுகள் இப்படி ஒன்றாகிப்போவதற்கு ‘திட்டுக்கலப்பு’ என்று எழுதிப் பார்த்தேன், பெயிண்ட் குழைப்பது போல ஒலிக்கிறது. ‘தொலைக்கலப்பு’ எப்படி? அச்சுத்துறையில் இருப்பவர்கள் புள்ளிப்படம் தூரத்தில் ஒரே நிறமாகத் தெரிவதை என்னவென்று சொல்கிறீர்கள்?