கொலுவுக்கு வந்த மனுத்தாள்

குழு: தாத்தா வீட்டுப் பிள்ளைகள் (இங்கே பிழையற்ற தமிழில் மட்டுமே எழுத வேண்டும் என்பது தாத்தா இட்ட கட்டளை)

மீனா, காலை 9:10
சித்தப்பா, மக்களே நேரடியாக வாக்களித்து முடிவு செய்யும் முன்மொழிவு ஒன்றைக் கலிஃபோர்னியா வாக்குச்சீட்டில் ஏற்றுவதற்காக நீங்கள் கையெழுத்துத் திரட்டும் மனுவின் தாளை எங்கள் வீட்டில் விட்டுச் சென்றால், சனிக்கிழமை கொலு பார்க்க வருகிறவர்களிடம் வாங்கி, ஞாயிறன்று உங்களிடம் சேர்த்துவிடுவேன்.

சுந்தரம் சித்தப்பா, 9:24
அது முடியாது, அம்மா. ஒவ்வொரு கையெழுத்தும் இடப்படுவதை என் கண்ணால் பார்த்தேன் என்று தாளின் அடியில் நான் உறுதிமொழி எழுதிக் கையொப்பமிட வேண்டும். அது பொய்யானால் பொய்ச்சத்தியக் குற்றம். நீ ஃப்ரீமாண்டில் சுண்டல் வழங்கிக்கொண்டிருக்க, சேக்ரமெண்டோவில் இருக்கும் நான் எதைப் பார்த்ததாக எழுதுவேன்? வேண்டுமானால் நீயே திரட்டுபவராக இருந்து, உன் கைப்பட அந்த உறுதிமொழியை எழுது.

மீனா, 9:26
என்னிடம் கிரீன் கார்டுதானே இருக்கிறது, குடியுரிமை இல்லையே?

சுந்தரம் சித்தப்பா, 9:35
கலிஃபோர்னியாவில் திரட்டுபவருக்கு 18 வயது நிறைந்திருந்தால் போதும். கையெழுத்திடுபவர்தான் பதிவு செய்த வாக்காளராக இருக்க வேண்டும். ஆகவே கூடம் முழுவதிடமும் நீ கையெழுத்து வாங்கலாம், உன்னுடையதை மட்டும் இடக்கூடாது. வேடிக்கையாகத் தோன்றினாலும் சட்டம் அதுதான். திரட்டுபவரும் பதிவு செய்த வாக்காளராக இருக்க வேண்டும் என்று கொலராடோ வைத்திருந்த விதியை, 1999இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே செல்லாது என்றது.

கார்த்திக், 9:37
எனக்கு 17 வயது. வாக்காளர் முன்பதிவு செய்துவிட்டேன். நான் உதவலாமா?

சுந்தரம் சித்தப்பா, 9:38
நீ நாற்காலி எடுத்துப் போடு. 18 நிறையும் வரை கையெழுத்து இடவும் முடியாது, திரட்டவும் முடியாது.

ரேவதி அண்ணி, 9:52
போன வாரம் மளிகைக் கடை வாசலில் ஒருவர் நீட்டிய தாளில் அவசரமாகக் கையெழுத்திட்டேன். அது இதே மனுவா என்று நினைவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று சனிக்கிழமையும் ஒன்று போட்டுவிடட்டுமா?

சுந்தரம் சித்தப்பா, 10:15
வேண்டவே வேண்டாம், ரேவதி. மனுக்கள் வந்து சேர்ந்ததும் ஒவ்வொரு கவுண்டியிலும், அதாவது நம் ஊர் மாவட்டம் போன்ற பிரிவிலும், 500 கையெழுத்துகள் அல்லது மொத்தத்தில் 3 விழுக்காடு, இவற்றில் எது அதிகமோ அதை மாதிரியாக எடுத்துச் சோதிப்பார்கள். 3 விழுக்காட்டு மாதிரிக்குள்ளேயே ஒருவர் இரண்டு முறை அகப்பட்டால், முழுக் குவியலில் இப்படி எத்தனை இரட்டைகள் ஒளிந்திருக்கும் என்று கணக்கிட்டு, ஏறத்தாழ ஆயிரம் கையெழுத்துகளைக் கழித்துவிடுவார்கள். சாதாரணச் சட்டத்துக்கான மனுவுக்கே 5,46,651 செல்லத்தக்க கையெழுத்துகள் தேவை. அரசியலமைப்புத் திருத்தம் என்றால் 8,74,641. அவற்றை 180 நாட்களுக்குள் திரட்டி முடிக்க வேண்டும். இந்த நெருக்கடியில் உன் அன்பு எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அந்தக் கடை வாசல் மனுவைப் பற்றி மனம் மாறினால், அது தாக்கல் ஆவதற்கு முந்தைய நாளுக்குள் உன் கவுண்டித் தேர்தல் அலுவலருக்கு எழுதிக்கொடுத்துப் பெயரைத் திரும்பப் பெறலாம். திரட்டுபவர் சம்பளத்துக்கு வந்தவரா, தொண்டரா என்று கேட்கும் உரிமை உனக்கு உண்டு என்பது மனுவிலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

மீனா, 10:31
வருகிறவர்களில் பாதிப் பேர் சான் ஹோசேயிலிருந்து வருகிறார்கள். அத்தைக்கோ கை நடுங்குகிறது, எழுத்துகளைக் கட்டத்துக்குள் எழுத முடியாது.

சுந்தரம் சித்தப்பா, 10:50
ஃப்ரீமாண்ட் அலமீடா கவுண்டியில் இருக்கிறது, சான் ஹோசே சாண்டா கிளாராவில் இருக்கிறது. இரண்டுக்கும் தனித்தனித் தாள் வைத்துக்கொள். அத்தையின் பெயரையும் முகவரியையும் அவர் கேட்டுக்கொண்டால் நீ எழுதலாம். ஆனால் கையெழுத்தையோ அடையாளத்தையோ சாட்சி ஒருவர் பார்க்க அவரே இட வேண்டும். கணவருக்காக மனைவி போடுவது, மகனுக்காகத் தந்தை போடுவது எல்லாம் நம் வீட்டுப் பழக்கம், இங்கே செல்லாது. வீடு மாறியும் பதிவை மாற்றாதவர்கள், தபால் பெட்டி எண்ணை முகவரியாக எழுதுகிறவர்கள் ஆகியோரின் கையெழுத்தும் வீணாகும் என்பதால், முதலிலேயே கேட்டுக்கொள்.

கார்த்திக், 10:53
கையெழுத்திட்டவர்களுக்குச் சுண்டல் இரண்டு கிண்ணம் என்று அறிவித்தால் என்ன?

சுந்தரம் சித்தப்பா, 10:58
கையெழுத்துக்குப் பணமோ பொருளோ கொடுப்பது குற்றம், கார்த்திக். கையெழுத்திட மறுப்பவருக்கும் அதே அளவு சுண்டலைக் கொடுங்கள், சிக்கல் இல்லை. படித்துப் பார்க்க விரும்புகிறவரிடம் தாளை முழுவதுமாகக் கொடுக்க வேண்டும்; அதில் எழுதியிருப்பதற்கு மாறாக எதையும் சொல்லக்கூடாது. மனுவின் நன்மை தீமை பற்றிய சண்டையைக் கொலு முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

மீனா, சனி இரவு 9:40
அலமீடாத் தாளில் ஏழு, சாண்டா கிளாராத் தாளில் நான்கு கையெழுத்துகள் வந்துள்ளன. அத்தை தம் பெயரின் முதல் எழுத்தை மட்டும் இட்டுவிட்டு, பேனாவைத் திருப்பித் தர மனமின்றி வெகு நேரம் கையிலேயே வைத்திருந்தார். ஒருவர் தம் மகளுக்கும் சேர்த்துப் போட வந்தார்; மகளையே வரச் சொல்லிவிட்டேன்.

சுந்தரம் சித்தப்பா, 9:44
அடியில் தேதிகளை நிரப்பினாயா?

மீனா, 9:47
இரண்டு தாள்களிலும் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் இன்றைய தேதிதான், சித்தப்பா. பெயரையும் வீட்டு முகவரியையும் என் கைப்படவே எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறேன்.