விஸ்லர் சைக்கிள் பூங்கா: புதியவரும் பழகியவரும் சேர்ந்து போகலாமா?

கேள்வி:
வணக்கம். ஆகஸ்டில் கனடாவின் விஸ்லர் மலைச் சைக்கிள் பூங்காவுக்குச் செல்லவிருக்கிறோம். என் மகன் மேடுகளில் தாவிப் பழகியவன். நானோ தார்ச்சாலையைத் தாண்டி ஓட்டியதில்லை. ஒரே நாள் இருவருக்கும் பயன்படுமா?

மறுமொழி 1:
தாராளமாகப் பயன்படும், ஐயா. லிஃப்ட் (கம்பிவடத்தில் தொங்கி மலையேறும் இருக்கை) நம்மையும் சைக்கிளையும் மேலே சேர்த்துவிடுவதால், இறக்கத்தில் ஓட்டுவது மட்டுமே நம் வேலை. பனிச்சறுக்குத் தடங்களைப் போலவே பச்சை (எளிது), நீலம் (நடுத்தரம்), கறுப்பு (கடினம்) என்று தடங்களைப் பிரித்திருக்கிறார்கள். நீங்கள் ஃபிட்ஸ்சிம்மன்ஸ் லிஃப்டில் ஏறி, ‘ஈஸி டஸ் இட்’ என்னும் பச்சைத் தடத்தில் தொடங்குங்கள்; அது கைவந்த பிறகு நீலமான ‘பி-லைன்’ போதும். புகழ்பெற்ற ‘ஏ-லைன்’ கறுப்புத் தடம் என்பதால், மகன் முதலில் நீலமான ‘கிராங்க் இட் அப்’ தடத்தில் தாவிப் பார்ப்பதே நல்லது.

மறுமொழி 2:
பிரேக்கைப் பற்றி ஒரு சொல். பயத்தில் அதை விடாமல் அழுத்திக்கொண்டே இறங்கினால் முன்கை கல்லாய் இறுகி, விரல்கள் சொன்னபடி கேட்காது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கைத் தளர்த்துங்கள். ஆள்காட்டி விரல் மட்டும் லிவரில் இருக்கட்டும். இருக்கையிலிருந்து எழுந்து, இரு பெடல்களும் சமமட்டத்தில் இருக்க நின்றபடி ஓட்ட வேண்டும். முகம் மூடும் ஹெல்மெட்டும் முழங்கால் காப்பும் கட்டாயம் அணியுங்கள். சாதாரண சைக்கிளைக் கொண்டுபோகாமல், முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் (அதிர்வு தாங்கும் அமைப்பு) உள்ளதை அங்கேயே வாடகைக்கு எடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அன்று காலையில் பயிற்சி வகுப்பிலும் சேர்ந்துகொள்கிறேன்.