ஒரே சர்வரில் மூணு தளம்: ஐபி போட்டா வேற தளம் திறக்குது, ஒண்ணுல புகுந்தவன் இன்னொண்ணுலயும் இருக்கான்

கிண்டி_டெவ்:

எல்லாருக்கும் வணக்கம். உபுண்டு 22.04 விபிஎஸ் (வாடகை விர்ச்சுவல் சர்வர்), 2 ஜிபி ரேம். என்ஜின்எக்ஸ் (வெப் சர்வர்), பிஎச்பி-எஃப்பிஎம் 8.1 (பிஎச்பி கோடை ஓட்டறது) ரெண்டும் உபுண்டு ரெப்போவில இருந்து போட்டது. மூணு வர்ச்சுவல் ஹோஸ்ட் ஓடுது: தி.நகர் புடவைக் கடை ஒண்ணு, அது வேர்ட்பிரஸ். மயிலாப்பூர் டியூஷன் சென்டர், லாராவெல். வேளச்சேரி கேட்டரிங் ஒண்ணு, வெறும் எச்டிஎம்எல். என்ஜின்எக்ஸோட வர டிஃபால்ட் ஃபைலைத் தூக்கிட்டேன்.

பிரச்சினை ரெண்டு. பிரவுசர்ல ஐபி முகவரியை மட்டும் அடிச்சா கேட்டரிங் தளம் திறக்குது. எச்டிடிபிஎஸ்ல போனா சர்டிஃபிகேட் எச்சரிக்கையோட கேட்டரிங் டொமைன் பேரும் தெரியுது. ரெண்டாவது, புடவைக் கடை வேர்ட்பிரஸ்ல பழைய ப்ளகின் வழியா ஒரு பிஎச்பி ஃபைல் வந்து உட்கார்ந்திருக்கு. அதே ஃபைல் டியூஷன் தளத்தோட ஃபோல்டர்லயும் இருக்கு. ஒவ்வொரு தளத்துக்கும் தனி சர்வர் பிளாக் (என்ஜின்எக்ஸ் அமைப்புல அந்தத் தளத்துக்கான பகுதி), தனி ரூட் ஃபோல்டர் கொடுத்திருக்கும்போது எப்படித் தாண்டினான்? ஃபோல்டர் எல்லாமே டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா (வெப் சர்வர் ஓடற யூசர்) பேர்ல, 755 (ஓனர் எழுதலாம், மத்தவங்க படிக்கலாம்).

பரங்கிமலை_சிசாட்:

முதல் கேள்விக்கு மட்டும் நான் சொல்றேன், ரெண்டாவதுக்கு வேற யாராச்சும் வருவாங்க.

ரிக்வெஸ்ட்ல வர ஹோஸ்ட் பேர் எந்த சர்வர் பிளாக்கோடயும் பொருந்தலைன்னா, அந்த போர்ட்டுக்கு டிஃபால்ட் சர்வர்னு குறிச்ச பிளாக்குக்குப் போகும். அப்படி எதுவும் குறிக்கலைன்னா முதல்ல படிச்ச பிளாக்தான் டிஃபால்ட். தளங்களோட அமைப்பு ஃபைல் இருக்கற சைட்ஸ்-எனேபிள்ட் ஃபோல்டரை ஆங்கில அகரவரிசையில படிக்கும், அதனால கேட்டரிங் முந்திக்கிச்சு. ஐபி முகவரியில எச்டிடிபிஎஸ் வந்தா எஸ்என்ஐ பேர் (எந்தத் தளம் வேணும்னு பிரவுசர் ஆரம்பத்துலயே சொல்றது) வராது, அப்போ டிஃபால்ட் பிளாக்கோட சர்டிஃபிகேட்டைத்தான் நீட்டும். டொமைன் பேர் தெரியறது அதனாலதான்.

00-ல ஆரம்பிக்கிற பேர்ல புது ஃபைல் ஒண்ணு போடுங்க. 80, 443 ரெண்டுக்கும் லிசன் வரியில டிஃபால்ட் சர்வர்னு சேர்த்து, உள்ள ரிட்டர்ன் 444 மட்டும். 444 என்ஜின்எக்ஸோட சொந்த எண், பதிலே அனுப்பாம கனெக்‌ஷனை மூடிடும். சர்வர் நேம்ல அண்டர்ஸ்கோர் போட்டா எல்லாத்தையும் பிடிச்சிடும்னு பல டுடோரியல்ல எழுதியிருக்கான். அதுல மந்திரம் ஒண்ணும் இல்லை, யார்கிட்டயும் இருக்க முடியாத பேர், அவ்வளவுதான். வேலை செய்யறது லிசன் வரி.

443-ல கவனிக்க வேண்டியது: சர்டிஃபிகேட்டே காட்டாம மறுக்கற எஸ்எஸ்எல் ரிஜெக்ட் ஹேண்ட்ஷேக் என்ஜின்எக்ஸ் 1.19.4-லதான் வந்துச்சு. 22.04 ரெப்போவில இருக்கறது 1.18, அதுல போட்டா தெரியாத டைரக்டிவ்னு டெஸ்ட்லயே நின்னுடும். அதனால எஸ்எஸ்எல்-சர்ட் பேக்கேஜ் போட்டு, அதோட வர, தானே கையெழுத்துப் போட்டுக்கிட்ட ஸ்னேக்ஆயில் சர்டிஃபிகேட்டை இந்த பிளாக்குக்குக் கொடுங்க. எந்தத் தளத்தோட பேரும் வெளிய போகாது.

நிறைய பேர் கோட்டை விடற இடம் ஐபிவி6. சதுர அடைப்பும் ரெட்டைக் கோலனும் போட்ட லிசன் வரி தனி சாக்கெட், அதுக்கும் தனியா டிஃபால்ட் சர்வர் போடணும். ஆபீஸ் பிராட்பேண்ட் ஐபிவி4 மட்டும்னா அங்க உட்கார்ந்து பார்த்தா எல்லாம் சரியாத்தான் இருக்கும். ஜியோ டேட்டாவுல ஹாட்ஸ்பாட் போட்டு, சர்வரோட ஐபிவி6 முகவரிக்கு கர்ல் (கமாண்ட் லைன்ல பக்கத்தைக் கேக்கற கருவி) அடிச்சுப் பாருங்க. 80-ல கர்ல் 52-ன்னு (பதிலே வரலைங்கற எரர்) சொல்லி நின்னா சரி. 443-க்கு சர்டிஃபிகேட் சோதனையை நிறுத்திட்டு அடிங்க, இல்லைன்னா 444 வரைக்கும் போகாது.

ராயபுரம்_ரூட்:

ரெண்டாவதுக்கு வரேன். வாசல்ல மூணு பேர்ப்பலகை மாட்டினதால வீட்டுக்குள்ள மூணு பூட்டு வந்துடாது. சர்வர் பிளாக் பேரைப் பார்த்து வழி சொல்லும், அதோட சரி. உள்ள பிஎச்பி ஓடறது ஒரே பூல்ல (பிஎச்பி ப்ராசஸ் கூட்டம்), ஒரே யூசர்ல. அந்த யூசருக்கு மூணு ஃபோல்டர்லயும் எழுத அனுமதி இருக்கு. அவன் எதையும் தாண்டலை, தாண்டறதுக்கு அங்க எதுவுமே இல்லை.

ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு லினக்ஸ் யூசர் உருவாக்குங்க, லாகின் ஷெல் இல்லாம. பிஎச்பி-எஃப்பிஎம் பூல்.டி ஃபோல்டர்ல இருக்கற டபிள்யூடபிள்யூடபிள்யூ பூல் ஃபைலை ரெண்டு காப்பி எடுத்து, தலைப்புல பூல் பேர், யூசர், குரூப், லிசன் சாக்கெட் நாலையும் மாத்துங்க. லிசன் ஓனரும் லிசன் குரூப்பும் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டாவாவே இருக்கட்டும், மோட் 0660. சர்வர் பிளாக்ல ஃபாஸ்ட்சிஜிஐ பாஸ் (பிஎச்பிக்கு வேலையை அனுப்பற வரி) அந்தந்த சாக்கெட்டுக்கு. பழைய பூலை அழிச்சிடுங்க, எல்லாத் தளத்தையும் படிக்கக்கூடிய யூசர்ல ஒரு பிஎச்பி சும்மா ஓட வேண்டாம். கேட்டரிங்குக்கு பிஎச்பி வரியே தேவையில்லை. 2 ஜிபிக்கு பிஎம் மோடை ஆன்-டிமாண்ட்ல (தேவைப்படும்போது மட்டும் பிஎச்பி ப்ராசஸ் எழும்) வைங்க.

ஃபோல்டர் ஓனர் அந்தத் தளத்தோட யூசர், குரூப் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா. ஃபைல் 640, ஃபோல்டர் 2750. முன்னாடி இருக்கற அந்த 2-ஐ (உள்ள உருவாகற ஃபைலுக்கு ஃபோல்டரோட குரூப்பையே கொடுக்கறது) விட்டுட்டா என்ன ஆகும்னா, வேர்ட்பிரஸ் புதுசா ஏத்தற படத்துக்கு மேல் ஃபோல்டரோட அனுமதியைப் பார்த்து 640 வைக்கும், ஆனா குரூப் தளத்தோட யூசர் குரூப்பா போயிடும். என்ஜின்எக்ஸால படிக்க முடியாது. பழைய புடவைப் படம் எல்லாம் தெரியும், இன்னைக்கு ஏத்தினது மட்டும் 403. அப்போ பதறிப்போய் யாராவது 777 போடுவாங்க, கதை மறுபடி முதல்ல இருந்து. தளத்து யூசரை டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா குரூப்ல சேர்க்கவும் கூடாது, சேர்த்தா அடுத்த தளத்தைப் படிச்சிடுவான்.

ஓப்பன் பேஸ்டிர் (பிஎச்பி எந்த ஃபோல்டரைத் தொடலாம்னு கட்டுப்படுத்தறது) போடலாம், ரெண்டாவது வேலியா. எக்ஸெக் வழியா ஷெல் கமாண்ட் ஓட்டினா அது தடுக்காது. பூல் தனித்தனியா இருந்தாலும் ஓப்கேஷ் (கம்பைல் பண்ணின பிஎச்பி கோடை வெச்சிருக்கற இடம்) மெமரி பொதுதான், அதனால ஓப்கேஷ் வேலிடேட் பர்மிஷனை 1 ஆக்குங்க.

இன்னொண்ணு. அந்த யூசரால டியூஷன் தளத்து .என்வ் ஃபைலை (பாஸ்வேர்ட், கீ எல்லாம் இருக்கறது) படிக்க முடிஞ்சிருக்கு. படிச்சிருப்பான்னு வெச்சுக்கிட்டு டேட்டாபேஸ் பாஸ்வேர்ட், மெயில் பாஸ்வேர்ட், வேர்ட்பிரஸ் சால்ட் (லாகின் குக்கிக்கான ரகசிய கீ) எல்லாத்தையும் மாத்துங்க. லாராவெல் ஆப் கீயும்தான், ஆனா அதை வெச்சு என்கிரிப்ட் பண்ணின நெடுவரிசை டேபிள்ல இருந்தா முதல்ல டிகிரிப்ட் பண்ணி எடுத்துக்கோங்க. ஃபைலை மட்டும் அழிச்சா போதாது, ரெண்டு தளத்தையும் சுத்தமான சோர்ஸ்ல இருந்து திரும்ப வைங்க.

கிண்டி_டெவ்:

ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். 444 பிளாக் போட்டுட்டேன், ஐபிவி6-லயும் 52 வருது. பூலும் பிரிச்சாச்சு. அப்லோட்ஸ் ஃபோல்டர்ல பிஎச்பி ஓடாம டினை ஆல் (எல்லாத்தையும் மறுக்கற வரி) போட்டேன், ஆனா டெஸ்ட் ஃபைல் இன்னும் ஓடுது. ஏன்?

வெண்டைக்காய்:

டாட் பிஎச்பி லொகேஷன் பிளாக்குக்குக் கீழ எழுதியிருப்பீங்க. ரெஜெக்ஸ் லொகேஷன்ல (முகவரியை ஒரு வடிவத்தோட ஒப்பிடற பிளாக்) கான்ஃபிக் ஃபைல்ல எது முதல்ல பொருந்துதோ அதுதான் ஜெயிக்கும், நீளமா எழுதினதுக்கு சலுகை கிடையாது. டினை பிளாக்கை மேல தூக்குங்க. புள்ளியில ஆரம்பிக்கிற ஃபைல்களுக்கும் அதே மாதிரி தடை வைங்க, வெல்-நோன் ஃபோல்டரை மட்டும் விட்டுட்டு. அதையும் சேர்த்து அடைச்சா சர்ட்பாட் (சர்டிஃபிகேட்டைத் தானா வாங்கற கருவி) புதுப்பிக்கறது நின்னு போகலாம், 90 நாள் சர்டிஃபிகேட் காலாவதி ஆகறப்போதான் தெரிய வரும்.

லாராவெலுக்கு ரூட் பப்ளிக் ஃபோல்டர்தானே? ஒரு படி மேல வெச்சிருந்தா .என்வ் அப்படியே டவுன்லோட் ஆகும்.

444 போட்டும் ஒரு சந்து மிச்சம் இருக்கு. ரிக்வெஸ்ட் வரியில முழு யூஆர்எல்லா உங்க டொமைனைப் போட்டு, ஹோஸ்ட் ஹெடர்ல வேற பேர் வெச்சு அனுப்பினா, என்ஜின்எக்ஸ் யூஆர்எல்லைப் பார்த்து சரியான பிளாக்குக்கு விட்டுடும். பிஎச்பிக்குப் போறது ஹெடர்ல வந்த பொய்ப் பேர். பாஸ்வேர்ட் ரீசெட் மெயில்ல லிங்க் அந்தப் பேர்ல போகும். ஃபாஸ்ட்சிஜிஐ பேராம்ஸ் இன்க்ளூடுக்குக் கீழ எச்டிடிபி_ஹோஸ்ட்டுக்கு டாலர் ஹோஸ்ட் மதிப்பைக் கொடுத்து ஒரு வரி சேருங்க.

ஆட் ஹெடர் (பதிலோட பிரவுசருக்குக் கூடுதல் குறிப்பு அனுப்பறது) வரிகளை சர்வர் பிளாக்ல வெச்சுட்டு நிம்மதியா இருக்காதீங்க. ஒரு லொகேஷனுக்குள்ள கேஷ் கன்ட்ரோல்னு ஒரே ஒரு ஆட் ஹெடர் எழுதினாலும் மேல இருக்கற அத்தனையும் அங்க காணாமப் போயிடும்.

எச்எஸ்டிஎஸ் (இந்தத் தளத்தை எச்டிடிபிஎஸ்ல மட்டும் திறன்னு பிரவுசருக்குச் சொல்ற ஹெடர்) போடறதா இருந்தா முதல்ல 300 நொடி வைங்க. புடவைக் கடைக்கு பில்லிங் சப்டொமைன் ஏதாவது வெறும் எச்டிடிபில ஓடுதான்னு விசாரிச்சுட்டு அப்புறம் 31536000. இன்க்ளூட் சப்டொமைன்ஸோட அவசரப்பட்டுப் போட்டா, அந்த ஹெடரை வாங்கின பிரவுசர் எல்லாம் ஒரு வருஷத்துக்கு பில்லிங் பக்கத்தைத் திறக்க மாட்டேன்னு அடம் பிடிக்கும். 0 ஆக்கினாலும், அந்தந்த பிரவுசர் தளத்துக்குத் திரும்ப வந்தாத்தான் மறக்கும்.