பேக் அழுத்தினால் பழைய திரை, உடனே மறுபடி புதுத் திரை: கம்போஸ் நேவிகேஷன் அனுபவங்கள்

கம்போஸ் என்பது ஆண்ட்ராய்டு ஆப்பின் திரைகளை எழுதும் கருவித்தொகுப்பு. திரைக்குத் திரை போவதைக் கவனிப்பது அதன் நேவிகேஷன். கீழே ஆப் எழுதுபவர்கள் தங்கள் ஊர்ப்பெயரில் பேசுகிறார்கள்.

செவ்வாய்ப்பேட்டை:
கொலுசுப் பட்டறைக்கான ஆர்டர் ஆப் என்று வைத்துக்கொள்ளுங்கள். லாகின், ஆர்டர் பட்டியல், விவரம் என மூன்று திரைகள். லாகின் முடிந்து பட்டியலுக்குப் போகிறது. பேக் அழுத்தினால் லாகின் திரை ஒரு கணம் தெரிந்து, திரும்பப் பட்டியலே வந்து நிற்கிறது. ஆப்பை விட்டு வெளியே வரவே முடியாது.

வியூமாடலில் (திரைக்கான தரவை வைத்திருக்கும் பகுதி) 'லாகின் ஆயிற்று' என்ற ஃப்ளாக் (ஆம்/இல்லை குறி) ட்ரூவாகவே இருப்பதுதான் காரணம். லாகின் திரை அடுக்கில் (பேக் அழுத்தினால் திரும்ப வரும் திரைகளின் வரிசை) இருக்கும்வரை அதன் வியூமாடலும் உயிரோடு இருக்கும். பேக் அழுத்தித் திரை திரும்பும்போது லாஞ்ச்டுஎஃபெக்ட் (திரை தோன்றும்போது ஓடும் கோட்) புதிதாக ஓடும், ஃப்ளாக்கைப் பார்த்து மறுபடி நேவிகேட் செய்துவிடும். லாகினுக்கு பாப்அப்டு (அந்தத் திரைவரை அடுக்கைக் கழிப்பது) கொடுத்து இன்க்ளூசிவ் ட்ரூ (அந்தத் திரையையும் சேர்த்து) என்று வைத்தால் போதும், அந்தத் திரையே அடுக்கிலிருந்து போய்விடும். ஆனால் ஆர்டர் படிவத்திலிருந்து ரசீதுக்குப் போகும் இடத்தில் படிவம் அடுக்கில் இருந்தாக வேண்டும். அங்கே நேவிகேட் செய்த கையோடு ஃப்ளாக்கை ஃபால்ஸ் ஆக்குங்கள். நேவிகேட்டை நேராகக் கம்போசபிளின் (திரையை வரையும் ஃபங்ஷன்) உடம்பில் எழுதவே கூடாது. ஒவ்வொரு ரீகம்போசிஷனிலும், அதாவது திரையை மறுபடி வரையும்போதெல்லாம், அது ஓடக்கூடும்.

அஸ்தம்பட்டி:
மேலே சொன்னது முழுக்கச் சரிங்க. இதோடு இரட்டைத் தட்டலையும் சேர்க்க வேண்டும். ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஆட ஆட, யாரும் பட்டனை ஒரே தடவை தட்டுவதில்லை. ஒரே விவரத் திரை இரண்டு அடுக்காக ஏறிவிடும். லாஞ்ச்சிங்கிள்டாப் (உச்சியில் இருக்கும் திரையையே மறுபடி ஏற்றாத அமைப்பு) போட்டால் தீர்ந்தது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அதில் ஒரு சிக்கல்: அது பார்ப்பது உச்சியில் உள்ள திரை எது என்பதை மட்டுமே. 41ஆம் ஆர்டர் விவரத்திலிருந்து 42க்குப் போனால் புது அடுக்கு ஏறாது, இருக்கும் திரைக்கே புது எண் மாறும். பேக் அழுத்தினால் 41 கிடைக்காது. இதற்கு லைஃப்சைக்கிள் நூலகத்தின் 2.8.0 பதிப்பில் வந்த டிராப்அன்லெஸ்ரெஸ்யூம்டு நல்லது. ஆன்கிளிக்கை (தட்டும்போது ஓடும் கோட்) அதற்குள் வையுங்கள். திரை மாறத் தொடங்கியதும் பழைய திரை ரெஸ்யூம்டு (முன்னால் முழுதாக இயங்கும்) நிலையிலிருந்து இறங்கிவிடுவதால் இரண்டாவது தட்டல் தானாகப் புறக்கணிக்கப்படும்.

ஏற்காடு:
திரைக்குத் திரை முழு ஆர்டரையும் அனுப்பாதீர்கள், ஆர்டர் எண் மட்டும் போதும். ப்ராசஸ்களுக்கு (ஓடிக்கொண்டிருக்கும் ஆப்கள்) இடையே தரவு கடத்தும் ஆண்ட்ராய்டின் பைண்டர் இடம் ஒரு ப்ராசஸுக்கே மொத்தம் 1 எம்பிதான். படங்களோடு பட்டியலைத் திணித்தால் ஆப் பின்னணிக்குப் போகும்போது டிரான்சாக்ஷன்டூலார்ஜ் என்ற பிழையோடு விழும். எண்ணை சேவ்டுஸ்டேட்ஹேண்டிலில் (ப்ராசஸ் செத்தாலும் பிழைக்கும் சிறு சேமிப்பு) எடுத்து, மீதியை ரூமிலிருந்து (போனிலேயே இருக்கும் தரவுத்தளம்) படியுங்கள்.

பின்னணியில் ப்ராசஸ் செத்தால் ஆப் சரியாகத் திரும்புகிறதா என்று சோதிக்கும் முறையிலும் தவறு நடக்கிறது. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 'டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்' ஆக்டிவிட்டியை (திரைகளைத் தாங்கும் பகுதி) மட்டும்தான் அழிக்கும், ப்ராசஸ் சாகாது, சிங்கிள்டனில் (ஆப் முழுக்க ஒன்றே இருக்கும் பொருள்) வைத்த தரவு பிழைத்திருக்கும். அதனால் கோளாறு கண்ணில் படாது. ஹோம் அழுத்திவிட்டு, கணினியிலிருந்து 'ஏடிபி ஷெல் ஏஎம் கில்' என்ற கட்டளையோடு பேக்கேஜ் பெயரைக் கொடுத்துக் கொல்லுங்கள். பிறகு சமீபத்திய ஆப்கள் பட்டியலிலிருந்து திறந்து பாருங்கள். காப்பிக்கொட்டை மூட்டையைப் படமெடுக்க கேமரா திறந்ததும், மெமரி குறைந்த போனில் நடப்பது இதுவேதான்.

செவ்வாய்ப்பேட்டை:
கீழ் டேப்களுக்கும் சொல்லிவிடுகிறேன். தொடக்கத் திரைவரை பாப்அப்டு, அதில் சேவ்ஸ்டேட் ட்ரூ (டேப்பின் நிலையைச் சேமிக்க), லாஞ்ச்சிங்கிள்டாப், ரிஸ்டோர்ஸ்டேட் ட்ரூ (சேமித்ததைத் திரும்ப எடுக்க). சேவ்ஸ்டேட் விட்டுப்போனால் டேப் மாறித் திரும்பும்போது பட்டியல் உச்சிக்கே ஓடிவிடும்.