மறு: தொல்தீநுண்மியியல் – இந்தச் சொல் பொருந்துமா?

ஐயா, வணக்கம்.

> எலும்புகளிலிருந்து பழைய வைரஸ்களை ஆராயும் துறைக்குத் 'தொல்தீநுண்மியியல்' போதும்.

வைரஸுக்குத் 'தீநுண்மி' என்பது எனக்கும் உடன்பாடே. தயக்கமெல்லாம் 'தொல்' நிற்கும் இடத்தில்தான். தொல்லுயிரியல் என்றதும் டைனோசர் நினைவுக்கு வருகிறது. அழிந்துபோன உயிரினம் என்றே மனம் எடுத்துக்கொள்கிறது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் அப்படியா? 2021இல் வந்த ஆய்வில் யூரேசிய, அமெரிக்கப் பழங்குடி மனிதர்களின் எச்சங்களிலிருந்து அதன் 137 மரபணுத்தொகைகளை மீட்டார்கள். ஏறத்தாழ 10,500 ஆண்டுகள் முதல் 400 ஆண்டுகள் வரை பழைமையானவை. சில கிளைகள் அற்றுப்போய்விட்டன. நோயோ, கொடையாகப் பெறும் ஒவ்வொரு பை ரத்தத்திலும் நாம் இன்றும் சோதித்துப் பார்க்கும் நோய்.

பழையது என்று சொல்லத்தக்கது தடயம் மட்டுமே. பல்லின் வேரைத் துளைத்துப் பொடி எடுக்கிறார்கள். உயிரோடு இருந்தபோது பல்லுக்குள் இருக்கும் மென்திசுவான பற்கூழில் ரத்தம் ஓடியதால், அதில் சுற்றிய வைரஸின் டி.என்.ஏ.வும் அங்கே தங்கியிருக்கும். கிடைப்பவை பெரும்பாலும் டி.என்.ஏ.வின் நூறு எழுத்துகூடத் தேறாத துணுக்குகள். அவற்றின் முனைகளில் சைட்டோசின் என்ற எழுத்து சிதைந்து, வாசிக்கும்போது தைமின் என்ற வேறோர் எழுத்தாகத் தெரியும். ஆய்வகத்தில் நேற்று ஒட்டிய மாசு இது இல்லை என்பதற்கு அந்தச் சிதைவே சான்று. 'முனைச்சிதைவு' என்ற சொல்லையும் இதற்காக முன்வைக்கிறேன்.

துறைக்கு என் பரிந்துரை: 'தீநுண்மித் தொல்தடயவியல்'. தடயவியல் செய்தித்தாள் படிப்பவர் எல்லோருக்கும் பழகிய சொல்.

இன்னொன்று. மனித மரபணுத்தொகையில் ஏறத்தாழ 8 விழுக்காடு பண்டைய ரெட்ரோவைரஸ்கள் (தாம் தொற்றும் உயிரின் டி.என்.ஏ.வுக்குள் தம் மரபுச்செய்தியைச் செருகிவிடும் வைரஸ்கள்) விட்டுச்சென்றது. அந்த எச்சங்களை நம் உடலிலேயே படிக்கும் துறைக்கு உங்கள் சொல் கச்சிதமாகப் பொருந்தும். அதை இங்கே செலவழித்துவிட வேண்டாம்.

---

அம்மா, வணக்கம். ரெட்ரோவைரஸ் வாதத்தை ஏற்கிறேன். என் சொல் அங்கேயே போகட்டும். ஒரே ஓர் ஐயம். மரபுச்செய்தியை டி.என்.ஏ.வில் அல்லாமல் ஆர்.என்.ஏ.வில் சுமக்கும் இன்ஃபுளுவென்சா போன்ற வைரஸ்கள் எலும்பில் நிலைப்பது அரிது. 1918ஆம் ஆண்டுக் கொள்ளைக்காய்ச்சலின் வைரஸை, அலாஸ்காவின் உறைமண்ணில் கிடந்த உடலின் நுரையீரலிலிருந்தும் ஃபார்மலினில் பதப்படுத்திய திசுக்களிலிருந்தும்தான் மீட்டார்கள். அவற்றையும் உங்கள் சொல் தழுவுமா?

---

தழுவும் ஐயா. அதற்காகவே 'என்பு' என்பதைத் துறைப்பெயரில் சேர்க்காமல் விட்டேன். எலும்பையும் பல்லையும் மட்டும் சுட்ட வேண்டிய இடத்தில் 'என்புத் தடயம்' என்று எழுதுவோம்.