தயோரெடாக்சின் இருக்கும்போது குளூட்டாரெடாக்சின் எதற்கு? ஒரு சிஸ்டீனை நீக்கியும் அது செயல்படுவது ஏன்?

கேள்வி: கந்தகப்பிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் உயிர்வேதியியல் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி. ஆய்வேட்டுக்காக ஈ.கோலி பாக்டீரியாவின் முதலாம் குளூட்டாரெடாக்சின் என்ற சிறு புரதத்தைத் தூய்மைப்படுத்தி அதன் செயல்வேகத்தை அளந்துவருகிறேன். இதன் செயல் மையத்தில் சிஸ்டீன், புரோலின், டைரோசின், சிஸ்டீன் என்ற அமினோ அமில வரிசை இருப்பதாகவும், அந்த இரு சிஸ்டீன்களும் சேர்ந்தே டைசல்பைடு பிணைப்பை, அதாவது இரு கந்தக அணுக்களின் பிணைப்பை, எலக்ட்ரான் கொடுத்து ஒடுக்குவதாகவும் படித்திருந்தேன். ஆகவே இரண்டாம் சிஸ்டீனைச் செரினாக மாற்றினால் புரதம் செயலிழக்கும், அதை ஒப்பீட்டு மாதிரியாக வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணினேன். ஆனால் ஹைட்ராக்சிஎத்தில் டைசல்பைடைக் கொண்டு அளந்தபோது அந்த மாற்றுப் புரதத்தின் வேகம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. இயல்பான புரதத்தின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கிறது. மூன்று முறை புதிதாகத் தயாரித்தும் இதே முடிவுதான். குழாய்கள் மாறிவிட்டனவோ என்ற ஐயத்தில் டிஎன்ஏ வரிசையையும் பார்த்துவிட்டேன். மாற்றம் சரியான இடத்தில்தான் இருக்கிறது.

இதோடு நெடுநாளாக இருக்கும் இன்னொரு ஐயத்தையும் கேட்டுவிடுகிறேன். செல்லுக்குள் குளூட்டாதயோன் என்ற கந்தகமுள்ள சிறு மூலக்கூறு மில்லிமோலார் அளவில் நிறைந்திருக்கிறது. டைசல்பைடுகளை ஒடுக்கத் தயோரெடாக்சின் என்ற புரதமும் இருக்கிறது. இவ்விரண்டும் இருக்கையில் குளூட்டாரெடாக்சின் என்ற மூன்றாவது ஏற்பாடு எதற்காக?

மறுமொழி 1: நொதிவேகம்

உங்கள் புரதத்தில் தவறு இல்லை. பாடநூல் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனதில்தான் குறை இருக்கிறது.

குளூட்டாரெடாக்சின் இரண்டு வழிகளில் வேலை செய்கிறது. ஒரு புரதத்தின் இரு சிஸ்டீன்களுக்கு இடையே உள்ள டைசல்பைடை அது ஒடுக்கும்போது, முதல் சிஸ்டீன் அந்தப் பிணைப்பைத் தாக்கித் தற்காலிகமாக அப்புரதத்தோடு இணைந்துகொள்கிறது. இரண்டாம் சிஸ்டீன் அந்த இணைப்பை அவிழ்த்து, இலக்குப் புரதத்தை விடுவிக்கிறது. இங்கு இரண்டும் தேவை. மற்ற வழியில், இலக்கு ஏற்கெனவே ஒரு குளூட்டாதயோன் மூலக்கூறைத் தன் சிஸ்டீனில் சுமந்துகொண்டிருக்கிறது. அப்போது முதல் சிஸ்டீன் அந்தக் குளூட்டாதயோனைத் தன்மீது வாங்கிக்கொண்டு இலக்கை விடுவிக்கிறது. பிறகு கரைசலிலுள்ள இன்னொரு குளூட்டாதயோன் வந்து அதை அகற்றி, ஆக்சிஜனேற்றமடைந்த குளூட்டாதயோனாக வெளியேறுகிறது. அதை குளூட்டாதயோன் ரிடக்டேஸ் என்ற நொதி, எலக்ட்ரான் தரும் என்ஏடிபிஹெச் செலவில் மீட்டெடுக்கிறது. இந்த வழியில் இரண்டாம் சிஸ்டீனுக்கு வேலையே இல்லை.

இப்போது உங்கள் சோதனைக்கு வாருங்கள். ஹைட்ராக்சிஎத்தில் டைசல்பைடோடு குளூட்டாதயோனைச் சேர்த்தவுடன், நொதி எதுவும் இல்லாமலேயே அவை வினைபுரிந்து ஒரு கலப்பு டைசல்பைடை உண்டாக்கிவிடுகின்றன. உங்கள் நொதி பார்ப்பது அந்தக் கலப்பு டைசல்பைடைத்தான். ஆகவே நீங்கள் அளந்தது ஒற்றைச் சிஸ்டீன் வழியின் வேகம். இதே ஈ.கோலி புரதத்தில் இதே மாற்றத்தைச் செய்து 1990களின் தொடக்கத்திலேயே பார்த்துவிட்டார்கள்: இந்தச் சோதனையில் அது செயல்பட்டது, ரிபோநியூக்ளியோடைடு ரிடக்டேஸ் என்ற நொதிக்கு எலக்ட்ரான் கொடுக்கும் சோதனையில் செயல்படவில்லை. அந்த ரிடக்டேஸில் அவிழ்க்க வேண்டியது புரதத்துக்குள்ளேயே இருக்கும் டைசல்பைடு என்பதே காரணம்.

மூன்றாவது ஏற்பாடு எதற்கு என்ற கேள்விக்கு வரலாறே பாதி விடை சொல்கிறது. தயோரெடாக்சின் 1964இல் சுவீடனில் கண்டறியப்பட்டது, ரிபோநியூக்ளியோடைடு ரிடக்டேஸுக்கு எலக்ட்ரான் அளிக்கும் புரதமாக. டிஎன்ஏவின் கட்டுமானக் கற்களை உருவாக்கும் நொதி அது. எனவே தயோரெடாக்சின் இல்லாத பாக்டீரியா பிழைக்கக் கூடாது. ஆனால் தயோரெடாக்சின் செயலற்ற ஒரு ஈ.கோலி வகை நன்றாகவே வளர்ந்தது. ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் இதைத் தோண்டித் துருவிய ஆர்னே ஹோம்கிரென், குளூட்டாதயோனிடமிருந்து எலக்ட்ரானை வாங்கி அதே நொதிக்குக் கொடுக்கும் ஒரு சிறு புரதத்தை 1976இல் அறிவித்தார். அதுவே குளூட்டாரெடாக்சின். ஒரு மாணவருக்கு "இது வளரவே கூடாதே" என்று தோன்றும் பாக்டீரியா வளர்ப்புத் தட்டு எவ்வளவு மதிப்புள்ளது என்பதை இதைப் படிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

குளூட்டாதயோன் நிறைய இருக்கிறதே என்றீர்கள். நிறைய இருப்பது உண்மை. ஆனால் அது சோம்பேறி. அதன் தயால் தொகுதியின் (கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த பகுதியின்) பிகேஏ, அதாவது பாதித் தொகுதிகள் ஹைட்ரஜனை இழந்திருக்கும் அமிலத்தன்மை மதிப்பு, 9ஐ ஒட்டியிருப்பதால், நடுநிலை அமிலத்தன்மையில் நூற்றில் ஒன்றோ இரண்டோ மூலக்கூறுகள்தாம் தாக்கவல்ல, ஹைட்ரஜனை இழந்த தயோலேட் வடிவில் இருக்கும். குளூட்டாரெடாக்சினின் முதல் சிஸ்டீனுக்கு இம்மதிப்பு மிகவும் தாழ்வு. மனிதனின் முதலாம் குளூட்டாரெடாக்சினில் ஏறத்தாழ 3.5. எனவே அது எப்போதும் தாக்கத் தயாராக நிற்கிறது. அதோடு குளூட்டாதயோனைச் சரியான கோணத்தில் பிடித்துவைக்கும் ஒரு பள்ளமும் அதன் பரப்பில் உண்டு. தயோரெடாக்சினுக்கு அந்தப் பள்ளம் இல்லாததால், குளூட்டாதயோன் ஒட்டிய புரதங்களை விடுவிப்பதில் அது பொதுவாகப் பின்தங்குகிறது.

இந்த ஒட்டுதலைக் கழிவாக நினைக்க வேண்டாம். ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சிஸ்டீனைத் தாக்கினால் முதலில் சல்ஃபீனிக் அமிலம் உண்டாகிறது. அதை அப்படியே விட்டால் மேலும் ஆக்சிஜனேற்றமடைந்து, பெரும்பாலான புரதங்களில் மீட்கமுடியாத நிலைக்குப் போய்விடும். இடையில் ஒரு குளூட்டாதயோன் ஒட்டிக்கொண்டால் அந்தச் சிஸ்டீனுக்கு மூடி போட்டதுபோல் ஆகிறது. நெருக்கடி தீர்ந்தபின் மூடியைக் கழற்றுவது குளூட்டாரெடாக்சினின் வேலை. ஆக்டினின் 374ஆம் சிஸ்டீன் இதற்கு அடிக்கடி சொல்லப்படும் எடுத்துக்காட்டு. அங்கு குளூட்டாதயோன் ஒட்டியிருக்கும்வரை ஆக்டின் இழையாகச் சேர்வது மந்தப்படுகிறது.

செல்லுக்குள் ஒடுக்கமடைந்த குளூட்டாதயோனும் ஆக்சிஜனேற்றமடைந்ததும் 100க்கு 1 என்ற விகிதத்தில் இருப்பதால், குளூட்டாரெடாக்சின் எப்போதும் ஒடுக்கும் திசையிலேயே இயங்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

மறுமொழி 2: மில்லிவோல்ட்

முந்தைய மறுமொழியின் கடைசிப் பத்தியை மட்டும் மறுக்கிறேன், மற்றவை அருமை.

நொதி திசையைத் தீர்மானிப்பதில்லை. குளூட்டாரெடாக்சின் குளூட்டாதயோன் தொகுப்புக்கும் புரதத் தயால்களுக்கும் நடுவே ஒரு வாய்க்காலைத் திறந்துவிடுகிறது, அவ்வளவே. எந்தப் பக்கம் மேடோ அங்கிருந்து மறுபக்கம் பாயும். தொகுப்பு ஆக்சிஜனேற்றப் பக்கம் சாய்ந்தால், அதே நொதி புரதங்களின் மீது குளூட்டாதயோனை ஒட்டியும் வைக்கும். இதை நம்பியே ஓர் அளவுகருவியைக் கட்டியிருக்கிறார்கள். மனிதக் குளூட்டாரெடாக்சின் 1ஐயும், ஆக்சிஜனேற்ற நிலைக்கேற்ப ஒளிரும் பச்சைப் புரதம் ஒன்றையும் ஒரே சங்கிலியாகப் பிணைத்து, 2008இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட உணரி அது. 400, 488 நானோமீட்டர் ஒளிகளால் தூண்டி, இரண்டிலும் கிடைக்கும் ஒளிர்வை ஒப்பிட்டால் உயிருள்ள செல்லின் குளூட்டாதயோன் மின்னழுத்தம் தெரியவரும். குளூட்டாரெடாக்சினை இணைக்காத பச்சைப் புரதமும் இறுதியில் சமநிலையை எட்டும், ஆனால் மெதுவாகவும், செல்லில் கிடைக்கும் குளூட்டாரெடாக்சினை நம்பியும். வாய்க்கால் என்று சொன்னதன் பொருள் இதில் தெளிவாகும்.

100க்கு 1 என்ற விகிதமும் செல்லை உடைத்து அளந்த காலத்து எண். உடைக்கும்போதே சிறிதளவு ஆக்சிஜனேற்றமடைந்துவிடுகிறது. வெவ்வேறு அறைகளின் குளூட்டாதயோனும் கலந்துவிடுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். குளூட்டாதயோன் இணையின் திட்ட மின்னழுத்தம், அமிலத்தன்மை 7இல், −240 மில்லிவோல்ட். ஒடுக்கமடைந்தது 5 மில்லிமோலாரும், ஆக்சிஜனேற்றமடைந்தது 50 மைக்ரோமோலாரும் இருந்தால் செறிவுகளிலிருந்து மின்னழுத்தத்தைக் கணக்கிடும் நெர்ன்ஸ்ட் சமன்பாடு −231 என்று காட்டும். உணரிகளோ சைட்டோசோலில் (செல்லின் திரவப் பகுதியில்) −300ஐ ஒட்டியும் அதற்குக் கீழும் காட்டுகின்றன. அந்த ஆழத்தை எட்ட, ஆக்சிஜனேற்றமடைந்தது 0.1 மைக்ரோமோலார் அளவுக்கு இறங்க வேண்டும். அதாவது 50,000க்கு 1, அப்போது −311. இன்னொன்றும் கவனியுங்கள்: சமன்பாட்டில் குளூட்டாதயோனின் செறிவு இருபடியாக வருகிறது. விகிதத்தை மட்டும் சொல்லி மொத்தச் செறிவைச் சொல்லாத கட்டுரை எனக்குப் பாதிக் கட்டுரைதான். மேற்கண்ட கணக்கில் ஆக்சிஜனேற்றமடைந்ததைத் தொடாமல் ஒடுக்கமடைந்ததைப் பாதியாக்கினாலே −311 என்பது −293 ஆக உயர்ந்துவிடும்.

மறுமொழி 3: ஈஸ்ட்மாவு

"எதற்காக மூன்றாவது ஏற்பாடு" என்பதற்கு ஈஸ்ட்டின் பக்கத்திலிருந்து ஒரு விடை. ஈஸ்ட்டில் இரு தயோரெடாக்சின்களும், ஈ.கோலியின் முதலாம் குளூட்டாரெடாக்சினை ஒத்த இரட்டைச் சிஸ்டீன் குளூட்டாரெடாக்சின்கள் இரண்டும் சைட்டோசோலில் இருக்கின்றன. நான்கையும் நீக்கினால் செல் பிழைப்பதில்லை. நான்கில் ஏதேனும் ஒன்றை விட்டுவைத்தால் பிழைத்துக்கொள்கிறது. அந்த அளவுக்கு அவை ஒன்றுக்கொன்று ஈடுகொடுக்கின்றன.

ஆனால் குளூட்டாரெடாக்சின் குடும்பத்தில் ஒரு கிளை, தயோரெடாக்சினால் ஈடுசெய்யவே முடியாத வேலையைச் செய்கிறது. அந்த வேலை ஒடுக்கமே அல்ல. இக்கிளையின் செயல் மையம் சிஸ்டீன், கிளைசின், ஃபினைல்அலனின், செரின் என்று அமைந்தது. ஒற்றைச் சிஸ்டீன்தான் என்பதால் உங்கள் மாற்றுப் புரதத்தைப் போலவே இதுவும் வேலை செய்யும் என்று எதிர்பார்ப்பீர்கள். செய்வதில்லை. செயல் மையத்தை ஒட்டிய ஒரு சிறு வளையத்தின் அமைப்பு மாறியிருப்பதால் குளூட்டாதயோனைப் பிடிக்கும் விதமும் மாறிவிடுகிறது. நீங்கள் செய்த சோதனையில் இவை ஏறக்குறைய செயலற்றுக் கிடக்கும். மாறாக, இரு புரத மூலக்கூறுகளும் இரு குளூட்டாதயோன்களும் சேர்ந்து, இரண்டு இரும்பும் இரண்டு கந்தகமும் கொண்ட ஒரு கொத்தை நடுவில் ஏந்திக்கொள்கின்றன. அந்தக் கொத்தைத் தேவைப்படும் புரதங்களுக்கு ஒப்படைப்பதே இவற்றின் பணி.

ஈஸ்ட்டின் மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள ஐந்தாம் குளூட்டாரெடாக்சினை நீக்கினால் இரும்பு செல்லில் குவிகிறது, கொத்து தேவைப்படும் நொதிகள் முடங்குகின்றன. வரிக்குதிரை மீனில் இதன் இணைமரபணு கெட்டபோது மீன் குருதிச்சோகையோடு பிறந்தது. 2005இல் வெளிவந்த அந்த ஆய்வில் மீன் வகைக்கு "ஷிராஸ்" என்று பெயர். குருதிச்சோகை மீன்களுக்கெல்லாம் திராட்சை மதுவின் பெயர்களை வைப்பது அந்தத் துறையின் வழக்கம். 2007இல் இதே மரபணுவில் பழுதுள்ள ஒரு மனித நோயாளியும் விவரிக்கப்பட்டார். கொத்து கிடைக்காத ஓர் இரும்பு ஒழுங்குப் புரதம், இரும்பைத் தாங்கும் ஹீம் மூலக்கூறின் தயாரிப்பிலுள்ள முதல் நொதிக்கான தூது ஆர்என்ஏவின் மீது அமர்ந்து அதன் மொழிபெயர்ப்பைத் தடுத்துவிடுகிறது. இரும்பு இருந்தும் ஹீம் உண்டாவதில்லை.

எலிகளிலும் இதே பாடம்தான். முதலாம் குளூட்டாரெடாக்சின் இல்லாத எலி பிறந்து வளர்கிறது. கொத்தை ஏந்தும் மூன்றாம் குளூட்டாரெடாக்சின் இல்லாத எலி கருவிலேயே இறந்துவிடுகிறது.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது மனிதனின் இரண்டாம் குளூட்டாரெடாக்சின். அதன் மையத்தில் புரோலினுக்குப் பதில் செரின் இருப்பதால் அதுவும் கொத்தை ஏந்தும். ஏந்தியிருக்கும்வரை நொதியாகச் செயல்படாது. செல்லின் குளூட்டாதயோன் ஆக்சிஜனேற்றமடையும்போது கொத்து சிதைந்து, இரட்டையாக இருந்த புரதம் ஒற்றைகளாகப் பிரிந்து வேலையைத் தொடங்குகிறது.

கந்தகப்பிரியை

மூவருக்கும் நன்றி. நான் பார்த்தது நொதியின் ஒரு வழியைத்தான் என்பது இப்போது புரிகிறது. ரிபோநியூக்ளியோடைடு ரிடக்டேஸ் சோதனையை எங்கள் ஆய்வகத்தில் நடத்த வசதி இல்லை. அப்படியானால் செயலற்ற ஒப்பீட்டு மாதிரிக்கு நான் எதை வைத்துக்கொள்வது?

நொதிவேகம்

மில்லிவோல்ட் சொன்ன திருத்தத்தை ஏற்கிறேன். பழைய எண்ணைப் பழக்கத்தில் எழுதிவிட்டேன்.

முதல் சிஸ்டீனைச் செரினாக மாற்றுங்கள். இரண்டு வழிகளும் அந்தச் சிஸ்டீனிலிருந்துதான் தொடங்குகின்றன, எனவே அது போனால் இரண்டும் நின்றுவிடும். கையிலிருக்கும் மாற்றுப் புரதத்தை எறிந்துவிடாதீர்கள். இரண்டையும் இயல்பான புரதத்தோடு அருகருகே வைத்துக் காட்டினால், உங்கள் "தவறிய" சோதனையே ஆய்வேட்டின் ஓர் அத்தியாயம் ஆகும். அளக்கும்போது குளூட்டாதயோனையும் டைசல்பைடையும் முதலில் கலந்து இரண்டு மூன்று நிமிடம் காத்திருந்து, பிறகே நொதியைச் சேருங்கள். இல்லாவிட்டால் தொடக்கத்தில் தெரியும் தயக்கத்தை நொதியின் தயக்கம் என்று தவறாக எடுத்துக்கொள்வீர்கள். நொதி சேர்க்காத வெற்று மாதிரியிலும் 340 நானோமீட்டரில் என்ஏடிபிஹெச் மெல்லக் குறையும். ஒவ்வொரு நாளும் அதைத் தனியாக அளந்து கழியுங்கள். நேற்றைய வெற்று மாதிரியின் எண்ணை இன்றைக்குப் பயன்படுத்த வேண்டாம்.