அப்பாவின் வருமான வரி ரீஃபண்ட் வங்கிக்கு வராமல் திரும்பிவிட்டது: என்ன செய்வது?

காவிரிக்கரை (கும்பகோணம்), நவம்பர் 2025

என் அப்பாவுக்கு 67 வயது. உதவிபெறும் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மாத ஓய்வூதியம் 22,000 ரூபாய். ஓய்வின்போது வந்த பணத்தில் 24 லட்சத்தை ஒரு வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டிருக்கிறார். ஏழரை சதவீத வட்டி. ஆண்டுக்கு 1,80,000 வருகிறது. 2024-25 நிதியாண்டில் அதில் 18,000 ரூபாயை வங்கி வரியாகப் பிடித்துக்கொண்டது.

ஆகஸ்ட் மாதம் புதிய வரி முறையில் கணக்குத் தாக்கல் செய்து, ஆதார் ஓடிபி மூலம் அன்றைக்கே சரிபார்த்தும் விட்டோம். செப்டம்பரில் 18,540 ரூபாய் திருப்பித் தரப்படும் என்று மின்னஞ்சல் வந்தது. அப்பாவுக்கு அவ்வளவு மகிழ்ச்சி. கண் அறுவைச் சிகிச்சைக்கு அந்தப் பணம் உதவும் என்றார். ஆனால் பணம் வரவில்லை. வருமான வரித் துறையின் தளத்தில் பார்த்தால் 'ரீஃபண்ட் ஃபெயில்டு' என்று இருக்கிறது. வங்கிக் கணக்கு பகுதியில் பெயர் பொருந்தவில்லை என்று காட்டுகிறது. பான் அட்டையில் தாத்தாவின் பெயர் முழுதாகவும் அதன் பின்னால் அப்பாவின் பெயரும் இருக்கின்றன. வங்கிப் புத்தகத்தில் அப்பாவின் பெயரும் பின்னால் ஒற்றை எழுத்தும் மட்டுமே.

இன்னொரு வருத்தம்: இந்த ஆண்டும் ஜூன், செப்டம்பர் மாதங்களில் வட்டியில் பிடித்துவிட்டார்கள். மூத்த குடிமக்களுக்கு ஒரு லட்சம் வரை பிடித்தம் கிடையாது என்று செய்தித்தாளில் படித்தேன். பிறகு ஏன் பிடிக்கிறார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மதுரை ஓய்வூதியர்

அம்மா, கவலைப்பட வேண்டாம். பணம் எங்கும் போய்விடவில்லை. நான் வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இந்த இனிஷியல் சிக்கல் நம் ஊர்க்காரர்களுக்கு ஓயாமல் வருவது. பான் விண்ணப்பத்தில் தலைப்பெழுத்தை விரித்துத்தான் எழுத வேண்டும். பழைய வங்கிக் கணக்குகளிலோ ஒற்றை எழுத்தோடு நின்றுவிடுகிறது. முன்பு காசோலையைப் பார்த்து மனிதர்கள் புரிந்துகொண்டார்கள். இப்போது கணினி ஒப்பிடுகிறது. அதற்கு இரண்டு பெயர்களும் இரண்டு ஆட்கள்.

முதலில் ஒன்று கேட்கிறேன்: அப்பாவுக்கு வேறு சேமிப்புக் கணக்கு இருக்கிறதா? ஓய்வூதியம் எந்தக் கணக்குக்கு வருகிறது? அதில் பெயர் பான் அட்டையில் உள்ளதுபோல இருந்தால் வேலை எளிது.

காவிரிக்கரை

ஐயா, ஓய்வூதியம் வேறு வங்கியில்தான் வருகிறது. அந்தப் புத்தகத்தில் பெயர் முழுதாக இருக்கிறது. அதைப் பயன்படுத்தலாமா?

மதுரை ஓய்வூதியர்

தாராளமாக. ரீஃபண்ட் வாங்க வைப்பு வைத்திருக்கும் வங்கியே வேண்டும் என்று இல்லை. தளத்தில் அப்பாவின் சுயவிவரத்துக்குள் போய், 'மை பேங்க் அக்கவுண்ட்' பகுதியில் ஓய்வூதியக் கணக்கைச் சேருங்கள். ஐஎஃப்எஸ்சி எண்ணைப் புதிய புத்தகத்தைப் பார்த்து எழுதுங்கள். வங்கிகள் இணைந்த பிறகு பல கிளைகளின் எண் மாறியிருக்கிறது, பழைய புத்தகத்தில் உள்ளது செல்லாது. சரிபார்ப்பு முடிந்ததும் அந்தக் கணக்கின் எதிரே ரீஃபண்டுக்கான பொத்தானை இயக்க வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கணக்கு சரிபார்க்கப்பட்டது என்று பச்சை நிறத்தில் வந்தாலும், ரீஃபண்டுக்கு நியமிக்காவிட்டால் பணம் அங்கே வராது.

அதன் பிறகு 'சர்வீசஸ்' பகுதியில் 'ரீஃபண்ட் ரீஇஷ்யூ' கோரிக்கை கொடுங்கள். கணக்கை மாற்றிவிட்டோம், தானாக வந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். கோரிக்கையையும் ஆதார் ஓடிபி போட்டுச் சரிபார்க்க வேண்டும்.

மின்னஞ்சலில் உள்ள கூடுதல் 540 ரூபாய் வட்டி. உரிய தேதிக்குள் தாக்கல் செய்தவர்களுக்கு ஏப்ரல் 1 முதல் மாதம் அரை சதவீதம் தருகிறார்கள். 18,000 ரூபாய்க்கு மாதம் 90. செப்டம்பர் வரை ஆறு மாதம்.

வைப்பு இருக்கும் வங்கியிலும் பெயரைத் திருத்திவிடுங்கள். பான் அட்டையில் கை வைக்காதீர்கள். அது ஆதாரோடு இணைந்திருக்கிறது, அங்கே மாற்றினால் புதிதாக ஒரு சிக்கல் முளைக்கும். கிளையில் கேஒய்சி படிவத்தோடு பான் நகலைக் கொடுத்து, வாடிக்கையாளர் எண்ணில் உள்ள பெயரையே மாற்றச் சொல்லுங்கள். புத்தகத்தின் முதல் பக்கத்தை மட்டும் புதிதாக அச்சடித்துக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

சேலம் வரி ஆலோசகர்

ஐயா சொன்னது சரி. பிடித்தத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

2025 ஏப்ரல் முதல் மூத்த குடிமக்களுக்கான வரம்பு 50,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சமாக உயர்ந்தது உண்மை. ஆனால் வட்டி வரம்பைத் தாண்டிவிட்டால், தாண்டிய பகுதிக்கு மட்டும் என்று இல்லாமல் முழு வட்டிக்கும் பத்து சதவீதம் பிடிப்பார்கள். உங்கள் அப்பாவுக்கு 1,80,000. அதனால்தான்.

நிறுத்துவதற்கு வழி 15ஹெச் படிவம். 60 வயது நிறைந்தவர், ஆண்டு மொத்த வருமானத்துக்கு வரியே வராது என்று உறுதிமொழி தருவது அது. அப்பாவுக்கு ஓய்வூதியம் 2,64,000. அதில் நிலையான கழிவு 75,000 போனால் 1,89,000. வட்டியைச் சேர்த்தால் 3,69,000. புதிய முறையில் இந்த ஆண்டு நான்கு லட்சம் வரை வரியே இல்லை. அதற்கு மேல் போனாலும் 12 லட்சம் வரை தள்ளுபடி இருக்கிறது. ஆகவே மனச்சாட்சிக்கு விரோதம் இல்லாமல் கையெழுத்துப் போடலாம்.

நாளைக்கே கொடுங்கள். டிசம்பர், மார்ச் பிடித்தங்கள் நிற்கும். ஏற்கெனவே பிடித்ததை வங்கி திருப்பித் தராது, அதை அடுத்த ஆண்டு கணக்குத் தாக்கல் செய்துதான் வாங்க வேண்டும். படிவம் ஒரு நிதியாண்டுக்குத்தான் செல்லும். ஒவ்வோர் ஏப்ரலிலும் புதிதாகக் கொடுக்க வேண்டும். வங்கியில் முத்திரை போட்ட நகலைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரே வங்கியில் இரண்டு கிளைகளில் பிரித்து வைத்தால் தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பான் ஒன்று, வங்கி ஒன்று, கணக்கும் ஒன்றாகத்தான் சேரும். வெவ்வேறு வங்கிகளில் வைத்தால் வரம்பு தனித்தனி. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று அதற்கு உண்டு: வைப்புக் காப்பீடு ஒரு வங்கிக்கு ஐந்து லட்சம் வரைதான். 24 லட்சத்தையும் ஒரே இடத்தில் வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஓசூர் தொழிற்பேட்டை

இதே இழையில் என் சந்தேகத்தையும் கேட்டுவிடுகிறேன். எனக்குச் சம்பளம் ஆண்டுக்கு 12 லட்சம். தருமபுரியில் கட்டிய வீட்டில் பெற்றோர் இருக்கிறார்கள், அதன் கடனை நான் கட்டுகிறேன். வேலைக்காக ஓசூரில் வாடகைக்கு இருக்கிறேன். 2024-25-இல் நிறுவனம் புதிய முறைப்படி 71,500 ரூபாய் பிடித்தது. நான் பழைய முறையில் வீட்டு வாடகைப்படி, கடன் வட்டி, காப்பீடு எல்லாம் காட்டித் தாக்கல் செய்தேன். வரி 32,760 என்று வந்தது. 38,740 ரூபாய் திரும்பக் கிடைத்தது. தங்கையின் வளைகாப்புச் செலவுக்கு அப்படியே பயன்பட்டது.

இந்த ஏப்ரலிலிருந்து பிடித்தமே இல்லை. கைக்கு மாதம் ஆறாயிரத்துக்குச் சற்றுக் குறைவாகக் கூடுதலாக வருகிறது. ஆனால் அது மளிகைக்கும் பெட்ரோலுக்கும் கலந்துபோகிறது. மொத்தமாக வந்தபோது உருப்படியாக ஒரு காரியம் நடந்தது. கூடுதலாகப் பிடிக்கச் சொல்லி நிறுவனத்தைக் கேட்க முடியுமா?

சேலம் வரி ஆலோசகர்

தம்பி, கேட்க வேண்டாம். கணக்கை ஒருமுறை எழுதிப் பாருங்கள். சென்ற ஆண்டு 71,500 பிடித்து 38,740 திரும்பி வந்தது. மீதி 32,760 வரியாகவே போனது. இந்த ஆண்டு அந்த 71,500-ம் உங்களுடையது. சம்பளக்காரருக்கு நிலையான கழிவோடு சேர்த்து 12,75,000 வரை புதிய முறையில் வரி இல்லை என்பதால் பிடிப்பதற்கே ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் பாருங்கள். ரீஃபண்ட் வட்டி அடுத்த ஏப்ரலிலிருந்துதான் ஓடத் தொடங்குகிறது. 2024 மே மாதச் சம்பளத்தில் பிடித்த பணம் 2025 மார்ச் வரை ஒரு பைசா வட்டி இல்லாமல் கிடந்தது. வட்டியில்லாக் கடனை அரசுக்குக் கொடுத்துவிட்டு, அது திரும்பி வரும்போது போனஸ் வந்ததுபோல மகிழ்கிறோம்.

சம்பளம் வருவதற்கு மறுநாள் தொடர் வைப்புக்கு 6,000 தானாகப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுங்கள். அஞ்சலகத் தொடர் வைப்புக்கு இப்போது 6.7 சதவீதம், ஆனால் அது ஐந்து ஆண்டுத் திட்டம். ஓராண்டில் எடுக்க வேண்டுமென்றால் வங்கியின் தொடர் வைப்பே பொருந்தும். பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கு இருந்தால் ஐந்தாம் தேதிக்குள் பணம் போய்ச் சேர வேண்டும். தவறினால் அந்த மாத வட்டி அந்தத் தொகைக்குக் கிடைக்காது.

ஈரோடு இல்லத்தரசி

ஆலோசகர் ஐயா சொல்லும் கணக்கு சரிதான், மறுக்கவில்லை. ஆனால் தம்பி கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. கைக்கு வராத பணம்தான் சேரும். அதற்காகத்தானே எங்கள் தெருவில் எல்லோரும் சீட்டுப் போடுகிறோம், நகைக் கடையில் மாதம் கட்டுகிறோம். ஊதாரித்தனத்தால் இல்லை, வீட்டில் பணம் இருக்கிறது என்று தெரிந்தால் யாராவது வந்து கேட்பார்கள், இல்லை என்று சொல்ல வாய் வராது. வங்கியில் பூட்டி வைத்திருக்கிறேன் என்று சொன்னால் அதற்கு மரியாதை உண்டு.

நான் அஞ்சலக முகவர் அக்காவிடம் கட்டுகிறேன். மாதம் பிறந்தால் வாசலில் வந்து நிற்பார். அவர் முகத்தைப் பார்த்த பிறகு இந்த மாதம் விட்டுவிடலாம் என்று தோன்றாது. ரீஃபண்டை நம்பிப் பள்ளிக் கட்டணத்துக்குத் திட்டமிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். பள்ளி ஜூன் முதல் வாரத்தில் பணம் கேட்கிறது. கணக்குத் தாக்கலுக்கு வேண்டிய படிவம் 16, அதாவது நிறுவனம் தரும் வரிப் பிடித்தச் சான்று, என் கணவருக்கு வருவதே ஜூன் பாதியில்.

ஓசூர் தொழிற்பேட்டை

நன்றி அக்கா, நன்றி ஐயா. ஏழாம் தேதி சம்பளம், எட்டாம் தேதி தொடர் வைப்பு என்று எழுதிக் கொடுக்கிறேன். எங்கள் நிறுவனத்தில் ஒருவர், முகவரிடம் கொடுத்தால் இன்னும் அதிகமாக ரீஃபண்ட் வாங்கித் தருவார், வந்ததில் பங்கு கொடுத்தால் போதும் என்கிறார். அது சரியா?

சேலம் வரி ஆலோசகர்

அந்தப் பக்கமே போகாதீர்கள். கொடுக்காத நன்கொடை, இல்லாத கல்விக் கடன், கட்டாத காப்பீடு ஆகியவற்றை உங்கள் பெயரில் எழுதித்தான் அந்த ரீஃபண்ட் வருகிறது. கையெழுத்து உங்களுடையது, பொறுப்பும் உங்களுடையது. 2025 ஜூலையில் இப்படிப் பொய்க் கழிவு எழுதியவர்களின் இடங்களில் வருமான வரித் துறை பல மாநிலங்களில் சோதனை நடத்தியது. தவறான விவரம் என்று நிரூபணமானால் ஏய்த்த வரியைப் போல இரு மடங்கு அபராதம், அதன் மேல் வட்டி. முகவர் பங்கை வாங்கிக்கொண்டு தொலைபேசியை அணைத்துவிடுவார். தொழிற்பேட்டைகளில் இதனால் நொந்துபோன எளிய மனிதர்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், மனம் பொறுக்கவில்லை.

மதுரை ஓய்வூதியர்

காவிரிக்கரை அம்மாவுக்கு ஓர் எச்சரிக்கை. மறு கோரிக்கை கொடுத்த பிறகு, 'உங்கள் ரீஃபண்ட் தயார், கணக்கு எண்ணை உறுதிசெய்ய இதைத் தொடுங்கள்' என்று குறுஞ்செய்தி வந்தால் தொடாதீர்கள். துறை அப்படிக் கேட்பதில்லை. அப்பாவின் கைபேசியிலும் இதைச் சொல்லி வையுங்கள். வயதானவர்களைத்தான் குறி வைக்கிறார்கள்.

காவிரிக்கரை

ஐயா, ஓய்வூதியக் கணக்கைச் சேர்த்தோம், சரிபார்ப்பு முடிந்துவிட்டது. மறு கோரிக்கையும் கொடுத்துவிட்டோம். 15ஹெச் படிவத்தைக் கொண்டுபோனபோது கிளையில் இனி அடுத்த ஏப்ரலில்தான் வாங்குவோம் என்றார்கள். ஆண்டின் நடுவிலும் கொடுக்கலாம் என்று அப்பா பொறுமையாக எடுத்துச் சொன்ன பிறகு மேலாளர் வாங்கி முத்திரை போட்டுக் கொடுத்தார். நாற்பது ஆண்டு வகுப்பெடுத்த குரல் உதவியது.

கடைசியாக ஒரு சந்தேகம். அந்த 540 ரூபாய் வட்டியை அடுத்த ஆண்டுக் கணக்கில் காட்ட வேண்டுமா? 18,000 ரூபாயையுமா?

சேலம் வரி ஆலோசகர்

18,000 அவருடைய சொந்தப் பணம், வருமானம் இல்லை, காட்ட வேண்டாம். வட்டியை மட்டும் 'இதர வருமானம்' என்பதில் 2025-26 கணக்கில் காட்டுங்கள். தொகை சிறிதாக இருந்தாலும் ஆண்டுத் தகவல் அறிக்கையில் அது பதிவாகும், விட்டுவிட்டால் கணக்குப் பொருந்தாது. அப்பாவுக்கு அதனால் வரி ஏதும் கூடாது. இந்த ஆண்டு ஜூன், செப்டம்பர் பிடித்தங்கள், அவர் பான் எண்ணில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் ஏறிவிட்டனவா என்று இப்போதே பாருங்கள். வங்கி காலாண்டு அறிக்கையை அனுப்பிய பிறகுதான் ஏறும். செப்டம்பர் காலாண்டுக்குக் கெடு அக்டோபர் 31. இன்னும் ஏறவில்லை என்றால், முத்திரை போட்ட நகலோடு அதே மேலாளரைப் போய்ப் பாருங்கள்.